பதினான்கு லட்சத்து அறுபதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது நாள்

டென்பசார் அச்சகத்தில் காலண்டர்களுக்குப் பிழை பார்ப்பது ரஸ்மினியின் வேலை. ஐந்து நாள் சந்தை வாரம், ஆறு நாள் வாரம், ஏழு நாள் வாரம் என்று பாலியில் பல வாரங்கள் ஒன்றாக ஓடுகின்றன. இருநூற்றுப் பத்து நாளில் ஒரு சுற்று முடியும். பிறந்தநாளும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மகள் விதியாவுக்கு முதல் பிறந்தநாள் மார்ச் பதினைந்து. அன்றுதான் பாதம் முதல்முறை மண்ணைத் தொடும், அதுவரை யாராவது இடுப்பில்தான் வைத்திருக்க வேண்டும். சொகுசுக் கப்பலில் சமையல்காரனான கணவன் மாடே மகளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்துவிடுவான் என்ற நினைப்பில்தான் ரஸ்மினி நாள்களைத் தள்ளினாள்.

ஒரு வாரம் முன்பு போன் வந்தது.

"மினி, ஒரு கூத்து நடந்துபோச்சு. மகளோட முதல் பிறந்தநாளுக்கு லீவுன்னு எழுதினேன். ஆபீஸ்ல அவ பிறப்புச் சான்றிதழைப் பாத்துட்டு ஆகஸ்ட் பதினெட்டுக்குப் போட்டுட்டாங்க."

"தேதி எழுதலையா, பிளி?" பாலியில் அண்ணனையும் கணவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பிறந்தநாள்னா எதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"காலண்டர்காரியோட புருஷன் பேசுற பேச்சு!"

"சரி, ரெண்டும் ஒரே நாள்ல வர்ற வருஷத்தைப் பாத்துச் சொல்லு."

மதிய இடைவேளையில், கழித்துப்போட்ட தாளின் பின்புறம் கணக்குப் போட்டாள். குழந்தைக்கு நூறு வயதாகும்வரை ஒருமுறைகூடச் சேரவில்லை. இரண்டு காலண்டர்களும் முழுச் சுற்று முடிப்பது எப்போது? இங்கிலீஷ் காலண்டரின் நானூறு ஆண்டுச் சுற்றுக்கு 1,46,097 நாள். இருநூற்றுப் பத்தின் காரணிகளில் மூன்றாலும் ஏழாலும் மீதியின்றி வகுபட்டது. இரண்டாலும் ஐந்தாலும் வகுபடவில்லை. பத்தால் பெருக்கினாள்: 14,60,970. திரும்ப அதை உடைத்தாள். ஒரு இரண்டு, மூன்று மூன்றுகள், ஒரு ஐந்து, ஒரு ஏழு. கடைசியில் 773 நின்றது. எதை வைத்து வகுத்தாலும் அசையவில்லை. அங்கிருந்தே மாடேவுக்குப் போன் போட்டாள்.

"நாலாயிரம் வருஷம், பிளி. அப்புறம் ரெண்டும் முதல்லேருந்து ஒண்ணாக் கிளம்பும்."

"இப்பவே லீவு எழுதிக் குடுத்துடறேன். இந்தத் தடவை தேதியோட."

சிரித்தாள். போனை வைத்ததும் 773ஐச் சுற்றி வட்டம் போட்டாள். பேனா அதே இடத்தில் சுற்றிச் சுற்றித் தாள் கிழிந்தது.

மார்ச் பதினைந்து காலை. பூசாரி மணியடித்தார். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இறக்கலாமாடி? நேரம் போகுது."

"ஒரு நிமிஷம், மெமே."

மாடே போனில் இருந்தான், வெள்ளைத் தொப்பியோடு, பின்னால் பாத்திரச் சத்தம். ரஸ்மினி போனை மல்லாக்க மண்ணில் வைத்தாள்.

"போன் மேலயா? தரையிலதானே வைக்கணும்?" என்றாள் மாமியார்.

"ஒரு கால் மண்ணுக்கு. ஒரு கால் அவருக்கு."

பூசாரி தலையசைத்தார். விதியாவின் இடது கால் மண்ணில் பதிந்தது. வலது பாதம் திரை முழுவதையும் மூடிக்கொண்டது.

"ஒண்ணும் தெரியல, மினி," என்றது மண்ணிலிருந்து வந்த குரல். "ஒரே இருட்டா இருக்கு."

அவள் குழந்தையைத் தூக்கக் குனிந்தாள்.

"தூக்காதே. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."