நாலாம் நம்பர் திரையில் சகலையின் தலை

அந்தத் துணிக்கடையில் அவருக்குக் கேமராக்காரர் என்றுதான் பெயர். பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, யார் எதைச் சுருட்டுகிறார்கள் என்று பார்ப்பது வேலை. கேமராக்கள் கூரையில் இருப்பதால் முகங்களைவிட உச்சந்தலைகளே அதிகம் தெரியும். தன் முடி கொட்டுவதையும், தான் கடைக்குள் நுழைந்த பதிவை ஓட்டிப் பார்த்தபோது, நாலாம் நம்பர் திரையில்தான் கண்டுபிடித்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். மனைவியின் தங்கை கணவர், அதாவது சகலை, மூன்று வருஷத்துக்கு முன்னால் முடி நட்டுக்கொண்டு வந்து நின்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்காருல்ல?" என்று மனைவி வேறு கேட்டாள். வயிறு எரிந்தது. சகலை சீப்பை எடுத்தாலே இவருக்குக் காதில் புகை வந்தது.

ஒருநாள் டாக்டரிடம் போனார்.

"உங்களுக்கு இன்னும் கொட்டிக்கிட்டே இருக்கு. இப்ப நட்டா நட்டது நிக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கிறது போயிடும். பின்மண்டையிலேருந்துதான் எடுத்து நடணும், அதுக்கும் ஒரு அளவு இருக்கு. ஒரு வருஷம் மருந்து எடுங்க. கொட்டுறது நிக்கட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டர்.

ஒரு வருஷமா! அதுவரை அந்த மனுஷன் தலையைக் கோதுவதை யார் பார்த்துக்கொண்டிருப்பது? கேள்வி கேட்காமல் நட்டுவிடும் வேறொரு இடத்தில் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார்.

வியாழன் மதியம் சகலை கடைக்குள் நுழைந்தார். ஆள் நல்ல உயரம். நேரில் அவர் உச்சி தெரிந்ததே இல்லை. நாலாம் திரையில் தெரிந்தது. முன்னால் அடர்த்தியாக முடி, அதற்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மண்டை. கேமராக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டார்.

சகலை நேராக அவர் அறைக்கே வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணே, ஒரு வருஷம் பொறுக்கச் சொன்ன டாக்டரைப் பத்தி அக்கா சொன்னாங்க, அவர் நம்பர் வேணும். எனக்குப் பின்னாடியெல்லாம் போச்சு. மறுபடி நட எடுக்கவும் முடி இல்லையாம். நீங்க குடுத்து வெச்சவர்ணே, அவசரப்படல."

கேமராக்காரர் நம்பரை எழுதக் குனிந்தார். அணைந்து கிடந்த ஒரு திரையில், பின்னால் நின்ற சகலை தெரிந்தார். அவர் கண் இவருடைய பின்மண்டையை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வை கேமராக்காரருக்குப் பழக்கம்; மூன்று வருஷமாகத் தான் சகலையின் தலையைப் பார்த்த பார்வைதான்.

சகலை போனதும் வெள்ளிக்கிழமை வரவில்லை என்று போன் செய்தார். பிறகு அன்று முழுக்க, கண் பட்டுவிடுமோ என்ற பயத்தில், பின்மண்டையில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.