நானே அணைத்த இணைப்பு

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. சிதம்பரத்தில் ஒரு நடனப் பள்ளியின் மொட்டை மாடியில் மடிக்கணினியுடன் தனியாக அமர்ந்திருந்தேன்.

அந்த மாடியிலிருந்து கிள்ளை வரை எங்கள் கம்பியில்லா இணைப்பு செல்கிறது. எந்த நிறுவனமும் நடத்துவதல்ல அது. இவ்வட்டாரக் கலைக்குழுக்கள் அவரவர் மாடியில் அவரவர் வாங்கிய அலைவாங்கிப் பெட்டியைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்டது. இலக்கிய மாணவியான நான் கூட்டக் குறிப்பு எழுதப் போய், மெல்ல அதன் பராமரிப்பையும் கற்றுக்கொண்டேன்.

அன்று பதினொரு மணிக்குக் கிள்ளைப் பெண்கள் ஐவரின் கூத்துக்குழு, கடலூர் நாடக விழாவின் தேர்வாளர்களுக்குக் காணொளியில் நடித்துக்காட்ட வேண்டும். முந்தைய ஆண்டு ஐந்தாம் நிமிடத்தில் படம் உறைந்து நின்றது. தேர்வாளர்கள் அடுத்த குழுவுக்குப் போய்விட்டார்கள்.

பத்து மணியளவில், இடைவழி ஊரில் இருக்கும் பெட்டியில் வேகம் குறைவதைக் கவனித்தேன். அது தப்ஸ் கொட்டும் ஓர் இசைக்குழுவின் தலைவர் வீடு. வீட்டுக் கைபேசிகளுக்கான இணைப்பை நண்பகல் வரை அணைத்து வைக்கலாம் என்று, திரையில் தெரிந்த இரண்டு பெயர்களில் ஒன்றை அணைத்தேன். திரை அப்படியே நின்றது. நான் அணைத்தது அந்தப் பெட்டியைச் சிதம்பரத்தோடு பிணைக்கும் இணைப்பை. உள்ளே வந்த வழியை நானே அடைத்திருந்தேன். கிள்ளையும் அதோடு துண்டிக்கப்பட்டது.

பேருந்தில் போனால் பதினொன்று தாண்டிவிடும். மின்தடை என்று சொல்லிவிடலாமா, பெட்டி பழுது என்று சொல்லலாமா என்று பத்து நிமிடங்கள் யோசித்தேன். பிறகு அந்த வீட்டுக்கு அழைத்தேன். தலைவர் கடையில் இருந்தார். அவர் மனைவி எடுத்தார்.

"மாமி, உங்க பெட்டிய நான்தான் தப்பா அணைச்சிட்டேன்."

"எங்ககிட்ட சொல்லாமயா தொட்ட?"

"ஆமா மாமி."

"அடுத்தவங்க பெட்டியத் தொடுறதுக்கு முன்னாடி அந்த வூட்டுக்குப் போன் பண்ணணும்னு எழுதுனதே நீதானம்மா. சரி இரு, கையெல்லாம் மாவு. கழுவிட்டு வரேன்."

அந்த விதியை வெறும் மரியாதை என்றே நினைத்திருந்தேன். மறுமுனையில் ஒருவர் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அது எழுதப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. பெட்டி அவர்களுடையது, அதன் கடவுச்சொல்லும் அவர்களிடம் இருந்தது. கூட்டங்களில் பின்வரிசையில் பேசாமல் அமர்ந்திருப்பவர் மாமி. தம் கைபேசியிலேயே பெட்டியின் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

"ரெண்டு பேரு காட்டுது. செதம்பரம்னு இருக்கறது செவப்பா இருக்கு. அத அமுக்கவா?"

"அமுக்குங்க மாமி."

என் திரையில் அந்தப் பெட்டி மறுபடி தெரிந்தது.

"பச்சையாயிடிச்சி. இலக்கியம் படிக்கிற புள்ள, பேரப் படிச்சிட்டு அமுக்கக் கூடாதா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேகம் குறைந்ததைச் சொல்லி, வீட்டு இணைப்பையும் அவரையே அணைக்கச் சொன்னேன்.

"நான் அது வழியாத்தான் இப்ப உள்ள இருக்கேன். நானே அணைச்சா உன்ன மாதிரி வெளிய நிப்பேன். நீ அங்கேர்ந்து அணை. புள்ளைங்க படம் கேட்டா நான் பாத்துக்கறேன்."

அணைத்தேன், இம்முறை பெயரை இருமுறை படித்துவிட்டு.

பதினொரு மணிக்குக் கிள்ளைப் பெண்கள் திரையில் தோன்றினார்கள். நாற்பது நிமிடங்கள், படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. முடிந்ததும் அவர்களில் மூத்தவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். "அப்பிடியா? நாங்க அரிதாரம் பூசிக்கிட்டு இருந்தோம், எதையும் பாக்கலியே" என்றார். இரண்டு வாரங்களில் அவர்கள் தேர்வானதாகச் செய்தி வந்தது.

யாரிடமும் எதையும் எளிதில் சொல்லாத இயல்பு எனக்கு. ஒரு தவறு நேரும்போதெல்லாம் அந்தக் காலைதான் நினைவில் எழுகிறது: பெட்டியைச் சரிசெய்ய மாமிக்குச் சில நிமிடங்களே ஆயின, அன்று உண்மையில் வீணானவை, பொய் ஒன்றைத் தேடி நான் செலவிட்ட அந்தப் பத்து நிமிடங்கள்தான்.