எஞ்சினுக்கு வைக்க வேண்டிய சந்தனம்

குழு நண்பர்களே, மோடம் இணைப்பு அறுந்துபோவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை மயிலாப்பூர் பிள்ளையார் கோயில் வாசலில் என் அத்திம்பேரின் புதுக் காருக்குப் பூஜை. வந்ததிலிருந்தே பானெட்டைத் திறந்து, முன்விளக்குகளையும் எரியவிட்டு, போவோர் வருவோருக்கெல்லாம் எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தார். பளபளவென்று கறுப்பு மூடி, மேலே வெள்ளி எழுத்து. ஒரு சொட்டு எண்ணெய்க் கறை கிடையாது.

குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தார்.

“ஐயோ, அதுல வெக்காதீங்கோ! கறை படிஞ்சுடும்.”

“எஞ்சினுக்கு வெக்காம என்ன பூஜை ஓய்?”

அத்திம்பேர் நெற்றியை நீட்டினார். “எஞ்சின் சார்பா எனக்கு வெச்சுடுங்கோ.”

குருக்களுக்கு அடுத்த பூஜை அவசரம். சந்தனம், மாலை, கற்பூரம் எல்லாம் அத்திம்பேருக்கே நடந்தது. எலுமிச்சம்பழத்தையும் அவரே மிதித்து நசுக்கினார்.

பிறகு சாவியைத் திருப்பினால் கார் கிளம்பவில்லை. விளக்கெரிந்தே பேட்டரி காலி.

நான் தள்ளப் போனேன். வேடிக்கை பார்த்த ஆட்டோக்காரர் தடுத்தார்.

“நீ இன்னாத்துக்கு நைனா தள்ற? பூஜை போட்ட எஞ்சின் அங்க நின்னுக்கினு கீதே!”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அத்திம்பேர் மாலையோடு தள்ளினார். குளத்தைத் தாண்டிய பிறகுதான் கார் உறுமியது.

அத்திம்பேர் எத்தனை சி.சி. என்று தெரிந்தவர்கள் பதில் போடுங்கள்.