துவைக்காத சட்டைப் பாட்டு

அமீரகத்தில், புஜைராவில் எங்கள் வீட்டுப் படுக்கையறை அலமாரிக்குள்தான் அந்த ஆல்பம் முழுவதும் பதிவானது. ஆள் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொள்ளலாம், அவ்வளவு பெரிய அலமாரி. இரண்டு பக்கமும் என் புடவைகள் தொங்குவதால் எதிரொலி இருக்காது. குழந்தைகளுக்குக் கதை வாசித்து இணையத்தில் போடுவதற்காக நான் வாங்கிய மைக் அங்கேதான் இருந்தது.

பாடியவர் என் கணவரின் சைட்டில் வெல்டர். சிவகங்கைப் பக்கத்துக்காரர். பொங்கல் விழாவில் யாரோ மைக்கைக் கையில் திணிக்க, கண்ணை மூடிக்கொண்டு சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்றைப் பாடினார். சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்த நான் தட்டோடு மேடைக்கு முன்னால் போய்விட்டேன்.

"இந்த மாதிரி இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"கெடக்கு மேடம், நெறைய. எல்லாம் மண்டைக்குள்ளதான்."

அதன்பின் டியூட்டி இல்லாத நாளெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவார். தாளத்துக்குப் பால் பவுடர் டின். ஏசி சத்தம் விழும் என்பதால் அதை அணைத்துவிடுவோம். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் குளித்தவர் போல நனைந்து வெளியே வருவார். என் மகள் தண்ணீர் பாட்டிலோடு நின்று, "ஒன் மோர், அங்கிள்" என்பாள். 'மேடம்' போய் 'அக்கா' ஆனேன்.

ஆல்பத்தில் ஒரு பாட்டு மற்றவற்றைவிட மெதுவானது. ஊரிலிருக்கும் மனைவி, அவர் லீவில் வந்தபோது போட்ட சட்டையைத் துவைக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள் என்று வரும். அலமாரிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். முதலில் அந்தப் பாட்டை மட்டும் வெளியிடலாம் என்றேன். பாடியவரும் சரி என்றார்.

யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அது ஓடியது. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் கேம்பாகப் போனது. ஓமானில், சோஹாரில் வேலை பார்க்கும் என் அண்ணன், "எங்க கம்பெனி பஸ்ல தெனமும் இதான் ஓடுது, யாருன்னு தெரியுமா?" என்று கேட்டான். என் வீட்டு அலமாரி என்றதும் நம்பவில்லை. மங்காஃப்பில் ஒரு தமிழ் அமைப்பு, ஆல்பத்தை எங்கள் மேடையிலேயே வெளியிடலாம், குவைத்துக்கு வந்து பாடுங்கள் என்று கூப்பிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் நான் இருந்தபோதுதான் பாடியவர் வந்து வாசலிலேயே நின்றார்.

"அந்தப் பாட்ட எடுத்துருங்கக்கா. அவ போன எடுக்க மாட்டேங்குறா."

பாட்டு ஊருக்கும் போயிருந்தது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பெண்கள் அவர் மனைவியிடம், "சட்டைய இன்னைக்காவது தொவச்சியாடி?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். மாமியார் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லையாம். சட்டை விஷயம் புருஷனுக்கு மட்டும் அவள் சொன்னது.

உடனே பாட்டை எடுத்தோம். ஆனால் அதற்குள் அது எல்லோருடைய போனிலும் இருந்தது.

நான் தயங்கித் தயங்கி அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். புஜைராவிலிருந்து பேசுகிறேன் என்றதும், "அலமாரி அக்காவா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளே பேசினாள்.

"பாட்டு நல்லாத்தான்க்கா இருக்கு. நானே ஒளிஞ்சு ஒளிஞ்சு கேக்குறேன். ஆனா என்னைய ஒரு வார்த்தை கேட்ருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்மா."

"நான் சட்டைய வச்சுக்கிட்டு அழுவுறேன்னு ஊருக்கே பாடிட்டாரு. அவரு அங்க என்ன பண்றாருன்னு ஒரு வரி பாடுனாரா? அவருக்கு அழுகையே வராதா? அதையும் பாடச் சொல்லுங்க. அப்பறம் எங்க வேணும்னாலும் பாடட்டும்."

இதை அவரிடம் நான் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். "அதெல்லாம் எப்பிடிக்கா பாடுறது? வெக்கமா இருக்கு."

"அவளுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?" என்றேன்.

ஒரு மாதம் ஆளைக் காணோம். பிறகு ஒருநாள் வந்து நேரே அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புதிய சரணம். வீடியோ கால் முடிந்தபின் போர்வைக்குள் இருண்ட போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு படுத்திருப்பதையும், பக்கத்துக் கட்டில்காரர் கேட்டால் சளி என்று சொல்வதையும் பாடியிருந்தார். பாதியில் குரல் உடைந்தது. திரும்பப் பாடலாமா என்று கேட்டேன். "வேணாங்க்கா, இப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

பதிவை முதலில் மனைவிக்கு அனுப்பினார். அரைமணி கழித்து, "இப்ப சரி" என்று பதில் வந்தது.

மங்காஃப் மேடையில் அதைப் பாடியபோது அரங்கிலிருந்த ஆண்கள் சத்தமே போடவில்லையாம். இறங்கி வந்தவரிடம் ஒரு வயதான டிரைவர், "நானும் சளின்னுதான் தம்பி சொல்லுவேன்" என்றாராம். ஆல்பத்தில் ஆட்டம் போடவைக்கும் பாட்டுகள் எத்தனையோ இருந்தும் அவரை ஊரறியச் செய்தது அந்தச் சரணம்தான். விடுமுறை முடிந்ததும் மறுபடி வெல்டிங்குக்குப் போய்விட்டார்.

போன லீவில் ஊர்த் திருவிழாவுக்குப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கூட்டம் கத்தியிருக்கிறது. மேடையிலிருந்து அவர் மனைவியைப் பார்க்க, அவள் வேண்டாம் என்று தலையாட்டியிருக்கிறாள். அதைப் பாடாமலே இறங்கிவந்து ஏன் என்று கேட்டாராம்.

"அது அங்க இருக்கறவங்க பாடுற பாட்டு. நீதான் இப்ப இங்க இருக்கியே" என்றாளாம்.