கேட்காத குரலுக்குச் சொந்தக்காரி

பிள்ளையார்பாளையத்துத் தையல்நாயகியின் முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்லக்கூடியவர்கள் அவள் தெருவைத் தாண்டினால் பத்துப் பேர்கூடத் தேற மாட்டார்கள். குரலைக் கேட்டுச் சொல்லத் தெரியாதவர்கள் காஞ்சிபுரத்திலேயே கிடையாது. ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு சாமுவேல் தெருத்தெருவாகச் சுற்றுவான். போலியோ சொட்டு மருந்து, ஆடித் தள்ளுபடி, தண்ணீர் வரி கட்டக் கடைசித் தேதி, மைதானத்தில் சர்க்கஸ், யார் வீட்டுப் பெரியவரோ சிவலோகப் பதவி அடைந்த செய்தி, எதுவானாலும் அதில் பேசுகிறவள் அவள்தான். நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் பேசுவாள். செவிலிமேட்டில் ஒரு வீட்டில் பிள்ளை சோறு தின்னாமல் அடம் பிடித்தால், "தோ, போலியோ அக்கா வர்றாங்க பாரு" என்று மிரட்டுவார்களாம். சாமுவேல் வந்து இதைச் சொன்ன நாளில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் புருஷன் கலியாணசுந்தரம் பட்டு நெய்கிறவன். தறி சொந்தம். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. உடம்பு ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வரும் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் நெய்ய, பக்கத்தில் இருப்பவர் கரை இழை ஓட்டுகிற கட்டையை, நாடாவை, தள்ளிக்கொடுப்பார். ஒரே பெண்ணான இந்திராணியை ஆரணியில் கட்டிக்கொடுத்த பிறகு அந்தப் பக்கத்து இடத்தில் தையல்நாயகி உட்கார்ந்தாள். விளம்பரம் இருக்கிற நாளில் மட்டும், அதைப் பதிவு செய்கிற தணிகாசலத்தின் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள்.

கலியாணசுந்தரத்துக்குக் குடி கிடையாது. பொம்பளைச் சகவாசம் கிடையாது. மாமியார் வீட்டில் அவனைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருமையெல்லாம் ஒரு நம்பர் லாட்டரி வரும்வரைதான். சீட்டின் கடைசி எண் ஒன்று பொருந்தினால் போதும், பரிசு. காலையில் வாங்கினால் மத்தியானம் முடிவு, மத்தியானம் வாங்கினால் சாயங்காலம் முடிவு. குடிகாரனாவது ஓர் இடத்தில் விழுந்து கிடப்பான். இந்தப் பைத்தியம் பிடித்தவன் விழவும் மாட்டான், நிற்கவும் மாட்டான். முனிசாமியின் சீட்டுக் கடைக்கும் தறிக்குமாக நடந்து நடந்து கலியாணசுந்தரத்தின் செருப்புதான் தேய்ந்தது.

சைக்கிள் போனது. வெண்கல அண்டா போனது. அதற்கெல்லாம் தையல்நாயகி வாய் திறக்கவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே பயம், தறி. தறி இருக்கிறவரை எத்தனை அடிபட்டாலும் எழுந்துவிடலாம். தறி போய்விட்டால் இந்த வயதில் இன்னொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார வேண்டும். அந்த அவமானத்தை இந்த மனுஷன் தாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் தணிகாசலத்துக்கு அந்த யோசனை வந்தது. ஆட்டோ விளம்பரம் பதிவு செய்து கொடுக்கிற சின்ன அறை அவனுடையது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். மெட்ராஸில் எங்கேயோ ஒரு கேசட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அமெரிக்காவில் இப்படித்தான் எல்லாரும் பணக்காரர் ஆகிறார்களாம். மேலே கடல் அலை, வீணை. அடியில் ஒரு குரல். அந்தக் குரல் காதுக்குக் கேட்காது, நேராக ஆழ்மனசுக்குப் போய்விடும். அதிர்ஷ்டத்தைத் தடுக்கிற சந்தேகத்தையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடும்.

"இன்னாண்ணா, கேக்காத குரலுக்கு நான் எதுக்கு? யார்னா பேசிட்டுப் போறாங்க" என்றாள் தையல்நாயகி.

"அப்படி இல்லம்மா. உச்சரிப்பு சுத்தமா இருந்தாத்தான் மனசுல ஏறும்னு போட்டிருக்குது. ஆனா ஒண்ணு, இது உன் குரல்னு யாருக்கும் தெரியக்கூடாது. போலியோவுக்குப் பேசுற பொம்பளைதான் அதிர்ஷ்டத்துக்கும் பேசுதுன்னா எவன் வாங்குவான்?"

அவளும் பேசினாள். 'எண் என்னைத் தேடி வருகிறது. அதிர்ஷ்டம் என் கைக்குள் இருக்கிறது.' இதையே அரை மணி நேரம். தணிகாசலம் அதை அலை ஓசைக்கு அடியில் போட்டு, மிஷினில் சத்தத்தைக் காட்டுகிற ஊசி அசைகிறதா இல்லையா என்கிற அளவுக்கு இறக்கிவிட்டான். தாமரை மேல் காசு கொட்டுகிற படத்தை அட்டையில் அச்சடித்து, முனிசாமி கடையிலேயே விற்கக் கொடுத்தான். நோயும் மருந்தும் ஒரே கடையில்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் கலியாணசுந்தரம் ஒரு பழைய வாக்மேனும் அந்தக் கேசட்டுமாக வீட்டுக்குள் நுழைந்தான். அட்டையில் இருந்த தாமரையைப் பார்த்ததுமே தையல்நாயகி அடையாளம் கண்டுகொண்டாள்.

"அதுல ஒண்ணுமில்லைங்க. வெறும் அலைச் சத்தம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லியிருக்கலாம். என் குரல்தான், வாய்க்கு வந்ததைப் படித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வந்தேன் என்று அப்போதே உடைத்திருக்கலாம். தணிகாசலத்துக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், தெருவே சிரிக்குமே என்கிற வெட்கம் ஒரு பக்கம். "கேள்விப்பட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று முதல் அவன் தறியில் உட்காரும்போதே காதில் மாட்டிக்கொண்டான். பக்கத்தில் அவள், ஒரு முழத் தூரத்தில். கரை இழை அறுந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று அவள் கத்துவாள். அவனுக்குக் கேட்காது. தோளில் தட்டினால்தான் திரும்பிப் பார்ப்பான். அதற்குள் நாலு இழை தப்பிப் போயிருக்கும். அவள் குரல் அவன் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அவள் சொல்வது மட்டும் அவனுக்கு எட்டவில்லை. கொடுமைதான், ஆனால் அதைப் பார்த்துப் பரிதாபப்படக்கூட அந்த வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை.

பங்குனியில் அவனுக்கு ஒரு பரிசு விழுந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த வாரமும் ஒன்று விழுந்தது. "பாத்தியா? பாத்தியா தையலு?" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். அவளும் சிரித்துவைத்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குள்ளும் ஒரு புழு புகுந்தது. ஒருவேளை? தணிகாசலம் அளந்தது பொய்தான் என்றாலும், அவள் சொன்ன சொல் அவன் மனசில் ஏறி வேலை செய்கிறதோ? வரும் என்று சொன்னால் வருகிறதென்றால், வேண்டாம் என்று சொன்னால் விடுவானோ?

ஆடியில் அதற்கும் வழி பிறந்தது. தணிகாசலத்தின் மிஷின் மூலக் கேசட்டையே கடித்துத் துப்பிவிட்டது. மறுபடியும் வந்து பேசிக்கொடு என்று ஆள் அனுப்பினான். மைக்கைச் சரிசெய்து, "அரை மணி நேரம் பேசிக்கினே இரும்மா, தோ டீ குடிச்சிட்டு வந்துடுறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

தையல்நாயகி மைக்குக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். சீட்டு வாங்காதே என்று பொதுவாகச் சொன்னால் அவன் காதில் ஏறாது, பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புவான் என்று தோன்றியது. அவள் அவன் பேரைச் சொன்னதே இல்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள். பிரசவத்தின்போது நர்ஸ் கேட்டதற்குக்கூட, "கலியாணக் கோலத்துல நிக்கிற சிவன் பேரு" என்று சுற்றி வளைத்துச் சொன்னவள். அன்றைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கலியாணசுந்தரம், சீட்டு வேணாம். கலியாணசுந்தரம், முனிசாமி கடைக்குப் போகாதீங்க. நம்பர் வராது. தறியைக் காப்பாத்துங்க. கலியாணசுந்தரம், நான் சொல்றதைக் கேளுங்க."

பொதுவாக வரும் செந்தமிழ் அவளுக்கு வரவில்லை. அழுகை கலந்துதான் வந்தது. தணிகாசலம் திரும்பி வந்து, ஊசியைப் பார்த்தானே தவிரக் காதில் வாங்கவில்லை. அலைக்கு அடியில் வழக்கம்போல அமுக்கினான். மற்றவர்களும் கேட்பார்களே என்று அவளுக்கு ஒரு கணம் உறுத்தியது. கேட்டுவிட்டு அவர்களும் சீட்டை விட்டால் புண்ணியந்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். புதுக் கேசட் ஒன்றைக் கையோடு வாங்கிவந்து, பழையது நைந்துவிட்டது என்று சொல்லி வாக்மேனில் மாற்றிப் போட்டாள்.

பிறகு காத்திருந்தாள். அவன் தறியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக் கேட்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் முகத்தைப் பார்ப்பாள். இப்போது பேரைச் சொல்லியிருப்பேன், இப்போது வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று மனசுக்குள் ஓட்டிப்பார்ப்பாள். அவன் அதைக் கேட்டு முடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு முனிசாமி கடைக்குக் கிளம்புவான். நாள் தவறாமல் இதுதான் நடந்தது. பரிசு விழவில்லை. விழாததால் இன்னும் வெறி ஏறியது. அவன் போன பின் வெறுந்தறியில் உட்கார்ந்திருக்கும்போது, தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. இத்தனை பெரிய ஊருக்கே சொல்லிக் கேட்க வைக்கிற வாய், ஒரு ஆளிடம் செல்லுபடியாகவில்லை.

ஐப்பசியில் முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். கொடுத்த ஜரிகைக்கும் நெய்த சேலைக்கும் கணக்குப் பொருந்தவில்லை. கலியாணசுந்தரம் முதலாளி ஜரிகையை விற்றிருந்தான். தெருவே வாசலில் நிற்க, பாதி நெய்த சேலையோடு தறியில் இருந்த பாவு நூலையும் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஜரிகைத் திருடன் என்று பேர் எடுத்தவனுக்கு அந்த ஊரில் வேறு எந்த முதலாளியும் பட்டு கொடுக்க மாட்டான். ஜரிகைக்கு ஈடாக, அடுத்த வாரம் தறியும் கழன்று மரம் மரமாக வண்டியில் ஏறியது. வீட்டு நடுவில், அவன் காலை இறக்கி உட்காரும் தறிக்குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அதற்குப் பிறகும் அவன் சுவரில் சாய்ந்து, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தபோது அவளுக்கு எங்கிருந்தோ வந்தது ஆத்திரம். வயரைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா கேக்குறீங்க? இன்னா கேக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க? அது என் குரல்ங்க. நான்தான் பேசினேன். சீட்டு வேணாம், தறியைக் காப்பாத்துங்கன்னு உங்க பேரைச் சொல்லி அழுதேன். ஒரு நாள்னா கேட்டீங்களா?"

அவன் நம்பவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மைக்குக்கு முன்னால் சொன்னதை அப்படியே சொன்னாள். பேரோடு. அவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுத் திருந்துவான், குறைந்தபட்சம் அழுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

"எப்பலேருந்து?" என்றான்.

"ஆடியிலேருந்து."

அவன் விரலை மடக்கி எண்ணினான். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பல மாதமாகத் தேடிய பொருள் கிடைத்தவனுடைய தெளிவு.

"அதான். பங்குனியில ரெண்டு தபா விழுந்துச்சே, அப்புறம் ஏன் விழலைன்னு மண்டையை உடைச்சிக்கினேன். நீதானா? பேரைச் சொல்லி, வராதுன்னு சொல்லி, என் மனசுக்குள்ளயே வெச்சுத் தைச்சிட்டியாடி?"

"ஐயோ, அதுல ஒண்ணுமே இல்லைங்க! யாருக்கும் கேக்கலைங்க!"

"ஒண்ணுமில்லைன்னா நீ ஏன் மாத்திப் பேசினே?"

உண்மையில் அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்ததே. அந்த ஒரு கேள்வியில் அவன் அவளை முழுசாகக் கட்டிப்போட்டுவிட்டான்.

சாயங்காலத்துக்குள் முனிசாமி கடையில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. சீட்டு விழாத ஒவ்வொருவனுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. முசரவாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து ஒருவன் வாசலில் நின்று சாபம் கொடுத்தான். தணிகாசலம் கெட்டிக்காரன். முதல் பதிவு அருமையான பதிவு, இரண்டாவதை இந்தப் பொம்பளை கெடுத்துவிட்டாள் என்று கையைக் கழுவிவிட்டு, புதுக் குரலில் மூன்றாவது பதிவு போட்டான். அது முன்னைவிட நன்றாக விற்றது.

தை மாதம் சாமுவேல் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "கடைக்காரங்கல்லாம் வேற குரல் கேக்குறாங்கம்மா. உன் வாயால தள்ளுபடின்னு சொன்னா யாவாரமே படுத்துடும்ன்றாங்க. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. ஆனா ஆட்டோ ஓடணும்ல?" அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தையல்நாயகி பட்டு முறுக்குகிற மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். மிஷின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஓடி, 2003 பிறந்த கையோடு அரசாங்கம் லாட்டரியையே ஒழித்துவிட்டது. முனிசாமி கடையில் பீடியும் வெற்றிலையும் வந்தன. அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இனி எந்தக் கடைக்கு ஓடுவான்? மனுஷன் திரும்பிவிடுவான் என்று நம்பினாள். "இனிமேலாவது..." என்று ஆரம்பித்தாள். அவன் எழுந்து போய், சாமி படத்துக்குக் கீழே திரி போட வைத்திருந்த பஞ்சைக் கிள்ளி, உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டான். கோபமாகக்கூட இல்லை. மழைக்குக் குடை பிடிப்பது மாதிரி சாதாரணமாகச் செய்தான். அன்றிலிருந்து அவள் வாய் திறந்தால் அவன் காதில் பஞ்சு. சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் தட்டைத் தரையில் தட்டப் பழகிக்கொண்டாள்.

கடைசியில் ஜரிகை இல்லாத சாதாரண சேலை நெய்ய, மூன்றாவது தெருவில் ஒரு வீட்டில் கூலிக்கு அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் மத்தியானம் அவள் சோறு கொண்டுபோனாள். தறிச் சத்தம் தெருமுனைக்கே கேட்டது, அவன் கை ஓடுகிற அதே வேகம். எத்தனையோ நாள் கழித்து அதைக் கேட்டதில் அவளுக்கு நெஞ்சு விம்மியது. நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நீங்க தறியில உக்காந்ததே போதுங்க என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி வாசல்படி ஏறினாள்.

குழிக்குள் இருந்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நாடாவைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையில் கை விட்டுப் பஞ்சை எடுத்து ஒரு காதில் அடைத்தான். அந்த வீட்டுக்காரி, "காது வலியாண்ணா?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

தையல்நாயகி சோற்றுத் தூக்கைத் தறிக்குழி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினாள். தெருவில் சாமுவேலின் ஆட்டோ எதிரே வந்தது. யாரோ ஒரு சின்னப் பெண் அதில் போலியோ சொட்டு மருந்து என்று சொல்லிக்கொண்டு போனாள். ஆட்டோ தாண்டிப் போகட்டும் என்று தையல்நாயகி ஓரமாக ஒதுங்கி நின்றாள். மில்லுக்கு நேரமாகிவிட்டது.