வலப்பக்கம் சரிந்த கோடு

அந்தோணிராஜ் மனைவியின் காதருகே குனிந்து, தொண்டையை இறுக்கிக்கொண்டு, கீச்சென்ற குரலில் கேட்டார்.

"தோசை ஊத்தட்டுமா?"

"வாய் அசையுது, ஒண்ணும் விளங்கலியே" என்றாள் விஜயராணி.

ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்காரம்மா ராமாயி நின்றிருந்தாள். "ஏனுங்க அந்தோணி, ஊட்டுக்குள்ள பூனைக்குட்டி ஏதாச்சும் வளக்கறீங்களா?"

அவர் சிரித்துவைத்தார்.

கல்யாணமான புதிதில் சாத்தான்குளத்திலிருந்து வீரபாண்டிக்கு வந்தவர்கள். அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. அவளுக்கு நிட்டிங் மிஷின்கள் ஓடும் கூடத்தில். அந்த இரைச்சலில் நின்றுதான் மகள் ஆஷாவை நர்சிங் படிக்கவைத்தாள். காது அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஆஷா இப்போது நாகர்கோவிலில் புருஷன் வீட்டில், நிறைமாதம். அவள் கூப்பிட்டால் விஜயராணி போனைத் தொடுவதில்லை.

"நீங்களே பேசுங்க. அவ ஒண்ணு கேப்பா, நான் ஒண்ணு சொல்லுவேன். இந்த நேரத்துல பிள்ள மனசு சங்கடப்படக் கூடாது."

போன வாரம் காதைச் சோதித்த பெண் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். கோடு இடப்பக்கம் மேலே இருந்தது, வலப்பக்கம் சரிந்தது. படத்தின் வலப்பக்கத்து ஓசைதான் கேட்பதில்லை, காதுக் கருவி வரும்வரை கேட்கிற குரலில் பேசுங்கள் என்றாள். அந்தோணிராஜ் தலையாட்டினார். சந்தேகம் எதுவும் வரவில்லை. பட்டறை லேபில், நிறத்தை அளக்கும் கருவி போடும் வரைபடத்தைத் தினமும் பார்ப்பவர். இடக்கோடியில் நீலம், குட்டை அலை. வலக்கோடியில் சிவப்பு, நெட்டை அலை. ஓசையில் நெட்டை அலை என்றால் தடித்த குரல். ஆக, தடித்த குரல்தான் போய்விட்டது. அன்றிலிருந்து கீச்சுக்குரல். ஆஷாவையும் அப்படியே பேசச் சொல்லியிருந்தார்.

அன்று லேபில் காதுச் சோதனைத் தாளைப் பசீர் அகமதுவிடம் காட்டினார். பசீர் பக்கத்து மேஜையில் சாயம் கலப்பவர்.

"நம்ம கிராஃப் மாதிரியேதான் பசீரு. வலப்பக்கம் அவுட்டு."

பசீர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஏனுங்கண்ணா, நம்முதுல அடியில இருக்கறது அலையோட நீளம். இதுல ஹெர்ட்ஸுன்னு போட்டிருக்குதுங்க. ஒரு செகண்டுக்கு எத்தன வாட்டி அதிருதுன்னு."

"அதனால என்ன?"

"அலை குட்டையானாத்தானுங்க இந்த நம்பர் ஏறும். நம்முதுல வலப்பக்கம் நெட்டை, இதுல வலப்பக்கம் குட்டை. அண்ணிக்குக் கீச்சுக்குரல்தான் கேக்காதுங்க."

அந்தோணிராஜ் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு வாரமாக் கேக்காத குரலாப் பாத்துப் பேசியிருக்கேன் பசீரு."

"போங்கண்ணா, போயிக் கட்டைக் குரல்ல பேசுங்க. லேபை நான் பாத்துக்கறேன்."

அவர் பசீரின் கையைப் பிடித்தார். சாயக் கை. விட்டபோது இருவர் கையிலும் நீலம்.

வீட்டில் விஜயராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, கத்தாமல், அடித்தொண்டையிலிருந்து நிதானமாகச் சொன்னார். "ராணி. ஆஷாகிட்டப் பேசுதியா?"

அவள் நிமிர்ந்தாள். "இப்பக் கேக்கு."

ஆஷாவுக்கு விஷயத்தைச் சொல்லி, போனை மனைவி கையில் கொடுத்தார். விஜயராணி காதில் அழுத்திக்கொண்டாள்.

"என்னட்டி, ஆம்பளக் குரலாட்டம்... ஆமா... வலி எப்பன்னா? இடுப்புல தொடங்கும். பயப்படாத. நான் வாரேன்ட்டி. சனிக்கிழமை வாரேன்."

பேசி முடித்ததும் போனை முந்தானையில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"ஒரு வாரமாப் பூனையாட்டம் கத்துனது இதுக்குத்தானா?"

"ஆமா."

"தொண்ட கட்டியிருக்கு. சுக்கு வெந்நீ வைக்கேன்."

அவர் அதை மெல்லக் குடித்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்று சாப்பிடுமுன் ஜெபத்தை வாய்விட்டுச் சொன்னார், கட்டைக் குரலில். ஆமென் சொன்னது அவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்தோணிராஜ் வேலைக்குப் போனார். ஒரு நேவி நீலச் சாம்பிள் சரியாக வரவில்லை; பசீர் மறுபடி கலந்தார். விஜயராணி நாகர்கோவில் பஸ்ஸுக்குத் துணி எடுத்துவைத்தாள். சாயங்காலம் மழை தூறியது.