தங்கவேலின் இரண்டு கோடுகள்

சூரியனில் என்னென்ன வாயு இருக்கிறது என்று வேதாந்தம் மயிலாப்பூரில் நின்றபடியே சொல்லிவிடுவார். அதற்கென்று அவரிடம் விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. அது வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். நிறங்களுக்கு நடுவே விழுகிற கருங்கோடுகள் இன்ன வாயு என்று காட்டிக்கொடுக்கும். ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் நடப்பதை இப்படி அறிந்தவரால், வீட்டிலிருந்து ஒன்றரை மைலில், எட்டடி ஆழக் குழிக்குள் இருந்ததை ஒருவருக்கும் நிரூபிக்க முடியவில்லை.

கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக அவர் டெமான்ஸ்ட்ரேட்டர். புரொபசர் பேசுவார், இவர் விளக்கைத் தூண்டிவிடுவார். பேச வேண்டிய இடத்தில் பேச அவருக்குப் பழக்கமில்லாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

1934 தை மாதம் நெல் அரைக்கப் போனார். மந்தைவெளிக்குத் தெற்கே, அடையாற்றங்கரையில் கங்காதரனின் ரைஸ் மில். அடுப்புக்கரியைப் புகையவிட்டு, அந்தக் காஸிலேயே ஓடுகிற எஞ்சின். அதைக் குழிக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். தங்கவேல் என்ற எஞ்சின்காரன் நாள் முழுக்க அங்கேதான். காலையில் அவன் இறங்குமுன் ஓர் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு எரிந்தால் காற்று நல்லது, அணைந்தால் கெட்டது. கங்காதரனின் தகப்பனார் கிணறு தூர் வாரியவர். குடும்பத்துக்கு அவர் விட்டுப்போன சாஸ்திரம் அது.

கிணற்றுக்கு அது சரி. கரிக் காஸ் விளக்கை அணைக்காது. ஆளை மட்டும் அணைக்கும்.

குழியிலிருந்து ஏறி வந்த தங்கவேலின் கன்னம் மாப்பிள்ளைக்குக் குங்குமம் பூசியதுபோல் சிவந்திருந்ததை வேதாந்தம் பார்த்தார்.

“தலைவலி உண்டோ?”

“காலீல நல்லாத்தான் கீது ஐயரே. மத்தியானம் ஆனா கிர்ருனு சுத்துது. வெளிய வந்து குந்திக்கினா செரியாப் பூடுது.”

வேதாந்தம் ஐயங்கார். திருத்துவதற்கு அது நேரமில்லை.

“அந்தக் குழில இறங்காதே. உயிருக்கு ஆபத்து.”

“எறங்காம? எஞ்சினு மேல ஏறி வருமா இன்னா?”

மறுநாளே வேதாந்தம் ஊசியும் இரண்டு கண்ணாடிச் சிமிழும் பித்தளைக் குழாயும் எடுத்துக்கொண்டு போனார். ஒத்துப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமே என்று தன் விரலையும் குத்திக்கொண்டார். கட்டுப்போட்ட விரலைப் பார்த்த மனைவி வேம்பு, “ஊர்ல எல்லாரும் புண்ணை ஆத்திப்பா. நீங்கதான் உண்டாக்கிண்டு வரேள்” என்றாள்.

விஷயம் சுலபம். ரத்தத்தில் தண்ணீர் கலந்து வெயிலுக்கு எதிரே பிடித்துக் குழாயில் பார்த்தால், மஞ்சளுக்கும் பச்சைக்கும் அருகே இரண்டு கருங்கோடு தெரியும். அழுகிய முட்டை நாற்றமடிக்கிற ஒரு மருந்தைச் சொட்டுவிட்டால், நல்ல ரத்தத்தில் அந்த இரண்டும் கலைந்து ஒன்றாகிவிடும். கரிக் காஸ் ஏறிய ரத்தத்தில் இரண்டும் அசையாமல் நிற்கும்.

கங்காதரன் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். வேதாந்தத்தின் ரத்தத்தில் ஒன்று. சரி. தங்கவேலின் ரத்தத்தில்?

“ஒண்ணுன்னும் சொல்ல முடியல, ரெண்டுன்னும் சொல்ல முடியல சாமி. கொசகொசன்னு கீது.”

“அந்தக் கொசகொசப்புதான் விஷயம். ரத்தம் கொஞ்சம்தான் கெட்டிருக்கு. முழுக்கக் கெட்டா ரெண்டும் பளிச்சுனு நிக்கும்.”

“பளிச்சுனு நிக்கட்டும், அன்னைக்கே எஞ்சினைத் தூக்கி மேல வெக்கறேன். இந்தக் கங்காதரன் வாக்கு மாறமாட்டான்.” பிறகு ஏதோ தோன்றி, “இவன் ஓயாம பீடி குடிக்கிறவன். அந்தப் பொகையில உங்க காஸு இல்லியா?” என்றார்.

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கலாம். வேதாந்தம் பத்தொன்பது வருஷம் மாணவர்களுக்கு உண்மையைச் செய்து காட்டியவர்.

“கொஞ்சம் இருக்கும்” என்றார்.

“பாத்தியாடா தங்கவேலு? பீடிய வுடு.”

“பீடிய வுட்டா நெல்லு தானா அரைஞ்சிக்கும், இல்ல மொதலாளி?” என்று சொல்லிவிட்டு அவன் குழியில் இறங்கினான். அந்த நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்தார்கள், வேதாந்தம் உட்பட.

பிறகு நான்கு முறை போய்ச் சொன்னார். கங்காதரன் நான்கு முறையும் மோர் கொடுத்து, “பளிச்சுனு தெரிஞ்சுதா?” என்று மரியாதையாக விசாரித்தார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் தவிடு பறக்கிறதென்று கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு எஞ்சினை ஓட்டினார்கள். மத்தியானம் தங்கவேலைக் கயிறு கட்டித் தூக்க வேண்டியிருந்தது. அவன் பக்கத்தில் அரிக்கேன் விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. தூங்குகிறவன்போல, கன்னத்தில் அதே சிவப்போடு கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் தெரிந்த டாக்டரிடம் கெஞ்சி வேதாந்தம் சில சொட்டு ரத்தம் வாங்கி வந்தார். மருந்து விட்டார். இரண்டு கோடும் கோலம் போட்டாற்போல நின்றன. அவர் வாழ்நாளில் பார்த்த மிகத் துல்லியமான கோடுகள் அவை. உடனே மில்லுக்கு ஓடினார்.

கங்காதரன் நெடுநேரம் குழாய்க்குள் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதில் நடிப்பில்லை.

“பளிச்சுனு கீது சாமி. நீங்க சொன்னது சத்தியம்.” மூக்கைச் சிந்தினார். “படுபாவி, எத்தினி பீடி குடிச்சிருக்கான்!”

ஆயிரம் பீடி குடித்தாலும் இவ்வளவு ஏறாது என்று வேதாந்தம் கத்தினார். வாழ்க்கையில் முதல் தடவை. “கொஞ்சம் இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க?” என்றார் கங்காதரன், மனம் நொந்து. வெளக்கு எரிஞ்சிக்கினுதான இருந்தது என்பதையும் ஞாபகப்படுத்தினார். மறுநாள் முதல் மில்லுக்குள் பீடி கூடாதென்று உத்தரவு போட்டார். ரங்கன் என்ற பீடிப் பழக்கமே இல்லாத ஆளைத் தேடிப் பிடித்து எஞ்சினுக்குப் போட்டார்.

ஆவணியில் ரங்கனின் கன்னமும் சிவந்தது. வேதாந்தம் ஊசியோடு போய் நின்றார். இந்தத் தடவை பீடி இல்லை. ஒரு சொட்டு போதும், வாதம் முடிந்துவிடும்.

ரங்கன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வாணாம் சாமி.”

“வலிக்காதுப்பா.”

“வலிக்கோசரம் இல்ல. தங்கவேலு பொஞ்சாதி குப்பம்மா சொல்லிக்கினு கீது. ஐயரு ரத்தம் எடுத்து அந்தக் கொழாயில பாத்தாரு, ஆறு மாசத்துல ஆளு பூட்டான்னு.”

வேதாந்தம் ஊசியைக் கீழே இறக்கினார். அந்த மில் ஆட்களில் குழாயில் பார்க்கப்பட்டவன் ஒருவன், செத்தவனும் அவன்தான். குப்பம்மாவின் கணக்கில் பிழை கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை.

“உத்தரவு வாங்கிக்கறேன் சாமி” என்று ரங்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினான். அது நன்றாக எரிந்தது. அவனும் இறங்கினான்.